இன்னும் ஒருத்தர் உள்ள இருக்காக

டீச்சர் நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார். முதுகு சாயாது. கழுத்தில் விசில் தொங்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் பேக்கரி மாடியில் சீட்டு விளையாட வந்த இடத்தில் விசில் எதற்கு என்று கேட்கும் தைரியம் எங்களில் ஒருவருக்கும் இருந்ததில்லை. கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு வேதக்கார ஊரில், கான்வென்ட் பள்ளியில் பி.டி. டீச்சர். ஐம்பதை நெருங்கிய வயது. பஸ் பிடித்து தேனிக்கு வந்து, படியேறி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "ம், யாரு எதுக்க உக்காரப் போறது?" என்று கேட்பார். கேட்கிற தோரணையில் எனக்குக் கயிறு ஏறச் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருக்கும்.

சீட்டு என்றால் ரம்மி இல்லை. கடைகளில் பொட்டலமாக விற்கும் படச்சீட்டுகள். டிராகன், மந்திரவாதி, எலும்புக்கூடு என்று ஒவ்வொன்றிலும் ஓர் ஆள் இருப்பான். அவரவர் பிடித்த ஆட்களைப் பொறுக்கி ஒரு கட்டு, அதாவது டெக், சேர்த்துக்கொண்டு வரவேண்டும். ஆடுகிறவருக்கு இவ்வளவு உயிர் என்று கணக்கு உண்டு. எதிராளியின் உயிரைப் பூஜ்யமாக்கினால் வெற்றி. சண்டையில் செத்த ஆட்கள் டெக்குக்குப் பக்கத்தில் ஒரு குவியலாகச் சேருவார்கள். அந்த இடத்துக்கு ரூல் புத்தகத்தில் கிரேவ்யார்டு என்று பெயர். நாங்கள் சுடுகாடு என்போம்.

நாங்கள் என்றால் பெரிய கூட்டமில்லை. சின்னமனூர் உரக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த நான், போடியிலிருந்து வரும் ஏலக்காய் வியாபாரி ஒருவர், டைல்ஸ் கடை அண்ணன் தம்பி, அவ்வப்போது வந்துபோகும் சிலர். குடும்பஸ்தர்கள். வீட்டில் வேறு வேறு காரணம் சொல்லிவிட்டு வருகிறவர்கள். இவர்களுக்கு நடுவில் டீச்சர் எப்படி வந்து சேர்ந்தார் என்பதை அவரே ஒருநாள் சொன்னார்.

"கிளாஸ்ல ஒரு பிள்ளைகிட்ட இருந்து பிடுங்குனேன் தம்பி. என்ன கருமம் இதுன்னு பிரிச்சுப் பாத்தேன். பாத்துக்கிட்டே இருந்துட்டேன்."

"அந்தப் பிள்ளைக்குத் திருப்பிக் குடுத்தீகளா டீச்சர்?"

"பரீட்சை முடிஞ்சதும் குடுத்துட்டேன். அதுக்குள்ள எனக்குப் பழகிப்போச்சு."

எங்கள் எல்லோருக்கும் உயிரோடு இருக்கிற ஆட்கள்தான் படை. டீச்சருக்குச் செத்தவர்கள்தான் படை. ஆட்டம் தொடங்கியதும் தன் உயிரையே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, டெக்கின் மேலிருந்து சீட்டுகளை அள்ளி அள்ளிக் குவியலில் போடுவார். ஒரு சண்டை நடக்காது, ஓர் அடி விழாது, அவருடைய ஆட்கள் பாட்டுக்குச் செத்துக்கொண்டிருப்பார்கள். புதிதாக வந்தவன் யாராவது, பாவம், இந்தம்மாவுக்கு விளையாடத் தெரியவில்லை என்று நினைப்பான். அவர் உயிர் ஒன்றே ஒன்று என்று வந்து நிற்கும்போது கையில் மிச்சமிருக்கும் ஒரு சீட்டைக் கீழே வைப்பார். அது குவியலிலிருந்து ஓர் ஆளை எழுப்பும். எழுந்தவர் இன்னொருவரை எழுப்புவார். அவர் அடுத்தவரை. எல்லாம் ஒரே முறையில், மூச்சு விடாமல். முடிவில் மேஜை முழுக்க எலும்பும் சிறகும் கோரைப்பல்லுமாக ஒரு பட்டாளம் நிற்கும். எதிராளி கும்பிட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

விவகாரம் என்னவென்றால், எதிராளியை அடிக்க நாலைந்து பேர் எழுந்தால் போதும். டீச்சருக்குப் போதாது. குவியலில் கிடக்கும் அத்தனை பேரும் வெளியே வந்தால்தான் அடிப்பார். அதுவும் சும்மா வரமாட்டார்கள். ஒவ்வொருவரையும் எடுத்து, முகத்தைப் பார்த்து, "வாங்க" என்று கூப்பிட்டு, மேஜையில் நேராக வைப்பார். நெருப்புக் கக்கும் டிராகனுக்கும் அதே "வாங்க"தான். தலையில்லாத குதிரைக்காரனுக்கும் அதே மரியாதைதான்.

இது முடிய நேரமாகும். எதிரே இருப்பவர் கீழே போய் டீ குடித்து, பன் தின்றுவிட்டு வரலாம். ஏலக்காய்க்காரர் ஒருநாள் எழுந்து போய் பக்கத்து சலூனில் முடியே வெட்டிக்கொண்டு வந்தார். அப்போதும் எழுப்புதல் முடிந்தபாடில்லை. டீச்சர் நிமிர்ந்து பார்க்காமலே, "கிருதாவ இன்னும் கொஞ்சம் எடுத்திருக்கலாம்" என்றார்.

அந்தக் குவியலின் அடியில் எப்போதும் ஒரு ஆள் கிடப்பார். கையில் லாந்தர் விளக்கு, கூன் முதுகு, தாடி. தாக்கும் பலம் பூஜ்யம். தாங்கும் பலமும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. பொட்டலம் பிரிக்கும்போது வந்தால் நாங்கள் அங்கேயே விட்டுவிட்டுப் போகிற சீட்டு. டீச்சர் அவருக்கு வாட்ச்மேன் என்று பெயர் வைத்திருந்தார்.

"டீச்சர், இந்தாள எடுத்துட்டு நல்லதா ஒண்ணு வைங்க. இவர எழுப்பித்தான் நேரம் போகுது" என்றேன்.

"பாக்கெட்லயே வந்துட்டாரு தம்பி."

"வந்தா? இவர் ஒண்ணுக்கும் ஒதவ மாட்டாரே."

"ஒதவ மாட்டாரு. அதுக்காக?" என்றார் டீச்சர்.



சுடுகாடு என்ற வார்த்தையில்தான் அவருக்கும் எங்களுக்கும் முதல் சண்டை வந்தது. "சுடுகாடுன்னு சொல்லாதீக. எரிச்சுப்புட்டா எப்படித் திரும்பி வருவாக? கல்லறைன்னு சொல்லுங்க. பொதைச்சாத்தான் எந்திரிக்க முடியும்" என்றார். நியாயமாகத்தான் பட்டது. ஆனால் ஏலக்காய்க்காரர் விடுகிற ஆளில்லை.

"எங்க பக்கம் எரிச்சாலும் திரும்பப் பொறப்போம் டீச்சர்."

"பொறப்பீக. இதே ஆளா வருவீகளா?"

"அது எப்பிடி? வேற ஒடம்பு, வேற பேரு."

"அப்ப அது வேற கார்டு" என்று முடித்துவிட்டார் டீச்சர்.

ஏலக்காய்க்காரர் அன்று முழுக்க யோசனையாகவே இருந்தார். போடி பஸ்ஸைக்கூடத் தவறவிட்டார். அடுத்த ஞாயிறு பழி வாங்குகிற மாதிரி ஒரு சீட்டோடு வந்தார். எதிராளியின் குவியலை மொத்தமாக ஆட்டத்தை விட்டே விலக்கிவிடும் சீட்டு. டீச்சர் எழுப்பத் தொடங்கும் நேரம் பார்த்து அதை வைத்தார். விலக்கினால் திரும்பவே முடியாது, ரூல் அப்படி. டீச்சர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து நின்றார். நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். என்னையும் பார்த்தார். நானும் எழுந்தேன். டைல்ஸ் கடை அண்ணன் தம்பியும் எழுந்தார்கள். கீழே பேக்கரியில் பப்ஸ் கேட்டுக் கத்திக்கொண்டிருந்த சத்தம் தவிர வேறு சத்தமில்லை. ஏலக்காய்க்காரர் மட்டும் உட்கார்ந்திருக்க முடியாமல் தானும் எழுந்து தலையைக் குனிந்தார். தான் கொன்ற ஆட்களுக்குத் தானே மௌன அஞ்சலி செலுத்திய ஒரே மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இப்ப நீங்க செஞ்சது தகனம்" என்று உட்கார்ந்ததும் டீச்சர் சொன்னார். ஏலக்காய்க்காரர் அந்தச் சீட்டை அதற்குப் பிறகு கொண்டு வரவில்லை.

எனக்கு டீச்சரைப் பிடிக்கும். ஆனால் குவியலைப் பார்க்கும்போது அவர் முகம் போகிற போக்கு சில சமயம் விளங்காது. பார்க்கப்போனால் வெறும் அட்டை. இந்த மனுசி இதில் என்னத்தைக் கண்டார் என்று தோன்றும். பிறகு அவர் பள்ளி பஸ் டிரைவர் எங்கள் கடைக்கு யூரியா வாங்க வந்தபோது ஒரு கதை சொன்னார். அதன்பின் கொஞ்சம் விளங்கியது.

சுருளி அருவிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருந்தார்களாம். கிளம்பும்போது டீச்சர் தலை எண்ணியிருக்கிறார். ஒரு தலை கூடுதலாக இருந்தது. திரும்ப எண்ணினாலும் கூடத்தான் வருகிறது. கடைசி சீட்டில் துண்டைப் போர்த்திக்கொண்டு கேரளாக்காரர் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். தன் பஸ் என்று நினைத்து ஏறியவர். வேறு யாராக இருந்தாலும் எழுப்பி இறக்கிவிட்டுக் கிளம்பியிருப்பார்கள்.

"டீச்சர் இறக்க மாட்டேனுட்டாக" என்றார் டிரைவர். "இவரக் காணாம்னு ஒரு பஸ் எங்கனயாச்சும் நிக்கும்ல, அங்கன விடு வண்டியன்னுட்டாக. நானும் குமுளி மலையடிவாரத்துல லோயர் கேம்ப் வரைக்கும் விரட்டுறேன். அங்க போய்ப் பாத்தா அவுக பஸ்ஸு இவர விட்டுட்டு எப்பவோ போயிருச்சு. அந்தாளு அழுதுட்டாரு. டீச்சர் ரோட்ட மறிச்சு குமுளி போற இன்னொரு வண்டில ஏத்திவிட்டு, அந்த டிரைவர்ட்ட கையெழுத்து வாங்காத குறை. நாங்க ராத்திரி ஊர் திரும்பயில எல்லா வீட்லயும் வாசல்ல நிக்காக."

பேக்கரி மாடியில் மணி கிடையாது. எனவே டீச்சர் அங்கே ஜெயித்துக்கொண்டே இருந்தார். வெளியூர்ப் போட்டிகளில் கதை வேறு. அங்கே ஆட்டத்துக்கு நேரம் உண்டு. மணி அடித்தால் ஆட்டம் அந்த இடத்திலேயே நிற்கும். யாருக்கு உயிர் அதிகமோ அவர் ஜெயித்தவர். டீச்சருக்குத்தான் எப்போதும் ஒரே ஓர் உயிராயிற்றே. திண்டுக்கல்லில் தோற்றார், விருதுநகரில் தோற்றார். மேஜை நிறைய பட்டாளத்தை நிறுத்திவைத்துக்கொண்டு, இன்னும் ஒருத்தருக்காகக் காத்திருந்து தோற்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் வாட்ச்மேனைத் தனியாக எடுத்துத் துடைத்து வைப்பார்.

அந்தப் பஸ்தான் வினையாகவும் போனது. மடியில் சீட்டுகளைப் பரப்பி அடுக்கிக்கொண்டு வந்ததை ஊர்க்காரர் ஒருவர் பார்த்துவிட்டார். டீச்சர் சீட்டு விளையாடுகிறார், அதுவும் பேய்ச் சீட்டு என்று கான்வென்ட் வரை செய்தி போய்விட்டது. தலைமை ஆசிரியையான சிஸ்டர் கூப்பிட்டு அனுப்பினார். கேரளாவில் பாலா என்ற ஊர்ப் பக்கத்துச் சிஸ்டர். இங்கே வந்து பல காலமாகியும் பேச்சில் மலையாளம் போகவில்லை. அங்கே நடந்ததை டீச்சர் இரண்டு வேஷத்திலும் நடித்துக் காட்டினார்.

"டீச்சரே, இது எந்தா சங்கதி? காசு வச்சோ?"

"காசெல்லாம் வைக்கிறதில்ல சிஸ்டர்."

"பின்னே எதுக்கு?"

"செத்தவுகள எழுப்புறதுக்கு சிஸ்டர்."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று சொன்ன பிறகுதான் டீச்சருக்குத் தெரிந்ததாம். சிஸ்டர் எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்திருக்கிறார். இது விளையாட்டுதான் என்று டீச்சர் சாதிக்க, சிஸ்டர் தன் அறையிலிருந்த கண்ணாடி அலமாரியைக் காட்டினார். "விளையாட்டுன்னா கப்பு வரும். கோ-கோவுக்கு வந்து. எறிபந்துக்கு வந்து. இதுக்கு வந்தோ?" வரவில்லை. "அப்போ சீட்டு." தீர்ப்பு அவ்வளவுதான். அடுத்த போட்டியில் கப்பு கொண்டுவந்தால் விளையாட்டு. இல்லையென்றால் கான்வென்ட்டுக்குப் பின்னால் பழைய விடைத்தாள் எரிக்கும் குழியில் மொத்த டெக்கும் போகும்.

"பொதைக்கவாவது விடுங்க சிஸ்டர்னு கேட்டேன் தம்பி."

"என்ன சொன்னாக?"

"பொதைச்சா நீங்க தோண்டி எடுக்கும்னுட்டாக."

நாங்கள் சிரித்தோம். டீச்சர் சிரிக்கவில்லை. டெக்கைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். எரித்தால் அவர் கணக்கில் அதோடு முடிந்தது. அன்று மாடியில் யாரும் ஆடவில்லை. வாட்ச்மேனை எடுத்துவிடச் சொல்லி ஆளாளுக்குக் கெஞ்சினோம். "ஏலே, சும்மா இருங்கலே" என்று அதட்டி அடக்கிவிட்டார்.

அடுத்த போட்டி மதுரையில், ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. சிஸ்டரும் வந்தார். சூதாட்டம் நடக்கிறதா என்று நேரில் பார்க்க வேண்டுமாம். வெள்ளை உடுப்பும் கையில் ஜெபமாலையுமாக டீச்சரின் நாற்காலிக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். எதிரே வந்து உட்கார்ந்த தாடிக்காரர்களிடம் எல்லாம், "எந்த ஸ்கூல்ல படிச்சு?" என்று விசாரித்தார். அவர்கள் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டார்கள். யோசித்து ஆட வேண்டியதை யோசிக்காமல் ஆடினார்கள். அதில் மிச்சமான நேரத்தில் டீச்சர் அத்தனை பேரையும் எழுப்பி, வாட்ச்மேன் உள்பட வரிசையில் நிறுத்தி ஜெயித்தார். மூன்று ஆட்டம் இப்படிப் போனது. கடைசி ஆட்டம் வந்தபோது அவருக்கு எதிரே உட்கார்ந்தது நான்.

என் போதாத காலம். அன்றைக்கென்று எனக்கு நல்ல சீட்டாக வந்து தொலைத்து நானும் ஜெயித்துக்கொண்டே வந்திருந்தேன். உட்கார்ந்ததுமே தோற்றுவிடுவது என்று முடிவு செய்தேன். இரண்டாவது முறையிலேயே கிறுக்குத்தனமாக ஒரு சீட்டை வைத்தேன். டீச்சர் அதை எடுத்து என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"ஒழுங்கா ஆடு தம்பி. விட்டுக்குடுத்து வாங்குற கப்ப நான் அந்த அலமாரில வைக்க மாட்டேன்."

ஒழுங்காக ஆடினேன். ஒழுங்காக ஆடினால் நேரம் போகும். சுவர்த் திரையில் ஓடிய கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஆடினேன். ஒரு வழியாக டீச்சர் தன் உயிரை ஒன்றுக்குக் கொண்டுவந்து நிறுத்தி, எழுப்பும் சீட்டை வைத்தார். "வாங்க." டிராகன் வந்தார். "வாங்க." குதிரைக்காரர் வந்தார். சிறகு முளைத்த எலும்புக்கூடு வந்தார். என் கதை முடிய இவ்வளவே போதும். கூடத்தில் இருந்த எல்லோருக்கும் அது தெரிந்தது.

"அடிங்க டீச்சர்" என்றேன்.

"இரு தம்பி. இன்னும் ஆளு இருக்குல்ல?"

"டீச்சர், மணி அடிக்கப் போறாங்க. குழி டீச்சர், குழி! அடிங்க!"

"வாங்க" என்றார் டீச்சர் அடுத்தவரிடம். அவருக்கும் கடிகாரம் தெரிந்துதான் இருந்தது. நான் பொறுக்க மாட்டாமல் தோல்வியை ஒப்புக்கொள்ளக் கையை நீட்டினேன். நடுவர் குனிந்து, "நீங்க ஒத்துக்கிறீங்களா சார்?" என்றார். ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். டீச்சர் விசிலை எடுத்து ஊதினார்.

கூடமே அப்படியே நின்றது. சாம்பார் வாளி தூக்கிக்கொண்டு போன ஆள்கூட நின்றுவிட்டார். என் வாயும் மூடிக்கொண்டது. "யாரும் அசையக் கூடாது" என்றார் டீச்சர். "இன்னும் ஒருத்தர் உள்ள இருக்காக."

குனிந்து, குவியலில் கடைசியாகக் கிடந்த வாட்ச்மேனை எடுத்தார். முகத்தைப் பார்த்தார். "வாங்க" என்று சொல்ல உதடு பிரியும்போது மணி அடித்தது.

சீட்டு அவர் கையில் அந்தரத்தில் நின்றது. எனக்கு உயிர் நிறைய இருந்தது, அவருக்கு ஒன்று. நான் ஜெயித்துவிட்டேன் என்று நடுவர் சொன்னார். வாழ்நாளில் ஒரு கப்பும் ஜெயிக்காத எனக்கு அந்த நிமிடம் செத்துப்போகலாம் போல இருந்தது. அப்போது டீச்சருக்குப் பின்னால் ஸ்டூல் சாயும் சத்தம் கேட்டது. சிஸ்டர் எழுந்து நடுவரின் முன்னால் போய் நின்றார்.

"ஒராள் அகத்து இருக்கும்போது எப்படி பெல் அடிச்சு?"

"ரூல் மேடம். டைம் முடிஞ்சிருச்சு."

"எல்லாரும் வந்து. அந்த மனுஷன் மாத்திரம் வரல. இவர் கூப்பிடுறது உங்களுக்குத் தெரிஞ்சில்லா?" ஜெபமாலையைப் பிடித்திருந்த கையால் மேஜையைத் தட்டினார். நடுவர் பயந்துபோய் ரூல் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். சிஸ்டர் அதை நின்றபடியே வாசித்தார். வாசித்துவிட்டு, ரூல் ரூல்தான் என்று ஒப்புக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்.

மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். கப்பை டீச்சரிடம் நீட்டினேன், இதை அலமாரியில் வையுங்கள் என்று. சிஸ்டர் கண்ணாலேயே என்னை அடக்கினார். டீச்சர் பைக்குள்ளிருந்து டெக் பெட்டியை எடுத்து சிஸ்டரின் மடியில் வைத்தார். பேச்சு பேச்சுதான். வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அழுகிறாரா என்று எட்டிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

உசிலம்பட்டி தாண்டியதும் சிஸ்டர் பெட்டியைத் திறந்தார். ஒவ்வொரு சீட்டாகப் புரட்டி, வாட்ச்மேன் வந்ததும் நிறுத்தினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"இவர் வந்தால் எந்தா செய்யும்?"

"ஒண்ணும் செய்ய மாட்டாரு சிஸ்டர்" என்றார் டீச்சர், திரும்பாமலே.

சிஸ்டர் சீட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். ஆண்டிபட்டிக் கணவாயில் பஸ் வளைந்து வளைந்து ஏறியது. மேலே ஏறி முடித்ததும் பெட்டியை எடுத்து டீச்சரின் மடியில் திரும்ப வைத்தார்.

"அடுத்த தடவை கொஞ்சம் வேகம் எழுப்பணும், கேட்டோ?"